வாங்குகிற கை



கோலார் தங்கவயலைச் சுற்றியுள்ள நிலம் எப்படிப்பட்டது என்று இந்த ஊரில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சுரங்கக் கழிவான சயனைடு மேடுகளைத் தாண்டினால் பாறை, முட்புதர், மழையை நம்பிய ராகிக் கொல்லை, பாதி நாள் வற்றிக் கிடக்கும் ஏரி. வெளியூர்க்காரர்கள் இதை வெறும் பொட்டல் என்பார்கள். இந்தப் பொட்டலையே வீடாகக் கொண்ட உயிர் ஒன்று உண்டு, நட்சத்திர ஆமை. கருத்த ஓட்டில் புடைத்திருக்கும் ஒவ்வொரு மேட்டின் உச்சியிலிருந்தும் மஞ்சள் கோடுகள் நாலா பக்கமும் விரியும். காய்ந்த புல்லுக்குள் அது அசையாமல் கிடந்தால் காலடியில் இருந்தாலும் கண்ணுக்குப் படாது. புல்லுக்குள் அதை மறைத்துக் காப்பாற்றிய அதே கோடுகள்தான், கண்ணாடித் தொட்டியில் வைத்து அழகு பார்க்க நினைப்பவர்களை இழுத்து, அதற்கு எமனாக வந்து வாய்த்தன. கோலார், சித்தூர், அனந்தபூர் என்று நீளும் இந்த வறண்ட பட்டையில் மழை விழுந்ததும் ஆமை இரை தேடி வெளியே வரும். பிடிப்பவர்களுக்கும் அதுதான் பருவம். இந்தியாவில் ஒரே ஒரு சேகரிப்பு மையத்தின் வழியாக மட்டும் ஓராண்டில் குறைந்தது 55,000 ஆமைகள் காட்டிலிருந்து போகின்றன என்று 2015-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. இது ஒரு மையத்தின் கணக்கு. நாடு முழுவதற்குமான கணக்கு யாரிடமும் இல்லை.

இத்தனை ஆமைகளையும் வாங்குபவர் கோலாரிலோ சித்தூரிலோ இல்லை. முட்புதரில் ஆமை பொறுக்குகிறவருக்குக் கிடைப்பது கூலி. பெட்டியில் வைத்து விமானம் ஏறுகிறவருக்குக் கிடைப்பது கொஞ்சம் பெரிய கூலி. விலையை வைப்பவர் பாங்காக்கிலோ கோலாலம்பூரிலோ ஹாங்காங்கிலோ இருக்கிறார். இன்று நான் உங்கள் முன் வைக்க விரும்பும் வாதம் இதிலிருந்துதான் கிளம்புகிறது. காட்டுயிர்க் கடத்தலுக்கு எதிராக உலக நாடுகள் இயற்றியிருக்கும் சட்டங்களில் மிகப் பெரும்பாலானவை பிடிக்கிற கையையும் சுமக்கிற கையையும் குறிவைத்து எழுதப்பட்டவை. வாங்குகிற கை வேறொரு நாட்டில், வேறொரு சட்டத்தின் நிழலில் பத்திரமாக இருக்கிறது. ஒரு நாட்டில் திருடிய உயிரை இன்னொரு நாட்டில் கையில் வைத்திருப்பதே குற்றம் என்று ஆகாத வரை, பிறந்த நாட்டில் தண்டனையை எவ்வளவு கூட்டினாலும் அது ஏழையின் தலையில்தான் விடியும்.

ஆமையின் பயணத்தையே எடுத்துக்கொள்வோம். பிடித்த ஆமையைத் துணியில் சுற்றி, கால் அசையாதபடி பிசின் நாடாவால் ஒட்டி, துணிமணிக்கு அடியில் வரிசையாக அடுக்கிப் பெட்டியை மூடுவார்கள். தீனியும் தண்ணீரும் இல்லாமல் பல நாள் தாங்குவது ஆமையின் இயல்பு, கடத்துபவருக்கு அது பெரிய வசதி. சென்னையிலிருந்து பாங்காக் மூன்று மணி சொச்சம். தாய்லாந்து 1992-ல் இயற்றிய காட்டுயிர்ச் சட்டம் தன் நாட்டு விலங்குகளைப் பட்டியல் போட்டுக் காத்தது. வெளிநாட்டு உயிரை அனுமதி இல்லாமல் கொண்டுவருவது அந்தச் சட்டத்திலும் குற்றம்தான். ஆனால் சுங்கத்தைத் தாண்டி ஊருக்குள் நுழைந்துவிட்ட அந்நிய நாட்டு ஆமையை ஒருவர் வைத்திருந்தாலும் விற்றாலும், அதற்காக அவரைப் பிடிக்கச் சட்டத்தில் பிடிமானம் இருக்கவில்லை. எப்படி வந்தது என்பதை அரசுதான் நிரூபிக்க வேண்டியிருந்தது. அது நடக்கிற காரியமா? பாங்காக்கின் புகழ்பெற்ற சதுச்சக் வாரச் சந்தையில் இந்திய நட்சத்திர ஆமையும் மடகாஸ்கர் ஆமைகளும் பட்டப்பகலில் விற்பனைக்கு இருந்ததை, காட்டுயிர் வணிகத்தைக் கண்காணிக்கும் டிராஃபிக் அமைப்பின் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். சென்னை விமான நிலையத்தில் குற்றம், பாங்காக் விமான நிலையத்தில் குற்றம், அங்கிருந்து ஒரு டாக்சி தூரத்தில் நியாயமான வியாபாரம். இருபத்தேழு ஆண்டுகள் இப்படி நடந்தது.

2019-ல் தாய்லாந்து அந்தச் சட்டத்தை மாற்றியது. சர்வதேசப் பட்டியலில் உள்ள வெளிநாட்டு உயிர்களும் புதிய சட்டத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. அதே ஆண்டு ஆகஸ்டில் நடந்த சைட்டீஸ் மாநாட்டில் நட்சத்திர ஆமை இரண்டாம் இணைப்பிலிருந்து முதல் இணைப்புக்கு உயர்த்தப்பட்டது. காட்டிலிருந்து பிடித்ததை வணிகத்துக்காக எல்லை தாண்டி அனுப்பவே கூடாது என்பது முதல் இணைப்பின் பொருள். கொழும்பில் நடக்கவேண்டிய மாநாடு அது. ஈஸ்டர் ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு ஜெனீவாவுக்கு மாற்றப்பட்டது. தாய்லாந்தைக் குறைசொல்லும் முன் நம் வீட்டையும் பார்த்துவிட வேண்டும். 1972-ஆம் ஆண்டின் நம்முடைய காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் இந்த ஆமை முயலோடும் அணிலோடும் நான்காம் பட்டியலில்தான் கிடந்தது. 2022-ல் நிறைவேறிய திருத்தம் 2023 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வந்த பிறகே அது முதல் பட்டியலுக்கு ஏறியது. உலகம் முதல் வரிசைக்கு உயர்த்தி மூன்றாண்டுக்கு மேல் ஆகியும், பிறந்த வீட்டில் அது நான்காம் வரிசையில் உட்கார்ந்திருந்தது.

சைட்டீஸ் என்று சொன்னேன். அழிவின் விளிம்பிலுள்ள காட்டு விலங்கு, தாவரங்களின் சர்வதேச வணிகம் பற்றிய ஒப்பந்தம் அது. 1973 மார்ச் 3-ல் வாஷிங்டனில் கையெழுத்தாகி 1975-ல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 1976-ல் சேர்ந்தது. இன்று 180-க்கும் மேற்பட்ட நாடுகள் அதில் இருக்கின்றன. பலர் நினைப்பதுபோல இது ஓர் உலகக் குற்றவியல் சட்டம் கிடையாது. யாரையும் சிறைக்கு அனுப்பும் அதிகாரம் அதற்கு இல்லை. உறுப்பு நாடுகளிடம் அது அடிப்படையாகக் கேட்பது நான்கு: பொறுப்பான அதிகாரியை நியமி, விதிமீறிய வணிகத்தைத் தடைசெய், மீறினால் தண்டி, பொருளைப் பறிமுதல் செய். இந்த நான்கையும் தன் உள்நாட்டுச் சட்டத்தில் முழுமையாக எழுதிக்கொண்ட நாடு முதல் வகை, பாதி எழுதியது இரண்டாம் வகை, எழுதாதது மூன்றாம் வகை. புலியின் பெயரைச் சொல்லி உலக மேடையில் பெருமைப்படும் நம் நாடு 2022 திருத்தம் வரும்வரை இரண்டாம் வகையிலேயே இருந்தது. எவ்வளவு தண்டனை என்பதை ஒப்பந்தம் அந்தந்த நாட்டுக்கே விட்டுவிடுகிறது. அதனால் ஒரே குற்றத்துக்கு ஓர் ஊரில் அபராதம், இன்னோர் ஊரில் ஆண்டுக்கணக்கில் சிறை.

இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதற்கு மலேசியாவின் பினாங்கைச் சேர்ந்த ஆன்சன் வாங் ஒருவரே போதும். அரிய ஊர்வனவற்றைக் கடத்துவதில் உலகப் பெயர் பெற்றவர். 1998-ல் மெக்சிகோவில் பிடிபட்டு அமெரிக்காவுக்குக் கொண்டுபோகப்பட்டார். அங்குள்ள நீதிமன்றம் 2001-ல் அவருக்கு 71 மாதச் சிறை விதித்தது. வெளியே வந்தார், பினாங்கில் தொழிலைத் தொடர்ந்தார். 2010 ஆகஸ்டில் கோலாலம்பூர் விமான நிலையத்தில் அவருடைய பெட்டியின் பூட்டு உடைந்ததால் உள்ளே 95 போவா பாம்புகள் இருந்தது தெரியவந்தது. கீழ்நீதிமன்றம் கொடுத்தது ஆறு மாதம். நாடெங்கும் கூச்சல் எழுந்தபின் உயர் நீதிமன்றம் ஐந்தாண்டாக்கியது. 2012-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரை விடுவித்தபோது அவர் உள்ளே இருந்தது 17 மாதம். வாங்குபவர் இருந்த நாடு அமெரிக்கா என்பதால்தான் அந்த நாட்டுச் சட்டம் கடல் தாண்டி ஒரு வியாபாரியை எட்டிப் பிடித்தது. அதைவிட முக்கியமாக, அவரிடமிருந்து சரக்கை வாங்கிய அமெரிக்கரும் அந்தச் சட்டத்தின்கீழ்க் குற்றவாளியாக முடியும் என்ற பயம் அங்கே இருந்தது.

இனி நமக்கு நெருக்கமான, வலிக்கிற விஷயத்துக்கு வருகிறேன். செம்மரம் உலகத்திலேயே சேஷாசலம், வேலிகொண்டா, பாலகொண்டா, நல்லமலை போன்ற ஆந்திர மலைத்தொடர்களை ஒட்டித்தான் இயற்கையாக வளர்கிறது. காட்டுயிர் என்ற சொல்லில் மரமும் அடக்கம். 1995 முதல் செம்மரம் சைட்டீஸ் இரண்டாம் இணைப்பில் இருக்கிறது. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்படை சுட்டதில் இருபது பேர் இறந்தார்கள். அனைவரும் தமிழ்நாட்டுக் கூலித் தொழிலாளர்கள், திருவண்ணாமலை, தர்மபுரி, வேலூர், சேலம் பக்கத்துக் கிராமங்களைச் சேர்ந்தவர்கள். மரம் வெட்டிச் சுமந்து மலை இறக்கினால் சில நாளில் கிடைக்கும் பணம், ஊரில் மாதக்கணக்கில் கிடைக்காது என்பதால் போனவர்கள். இந்தத் தங்கவயலிலும் எத்தனையோ குடும்பங்களின் வேர் அதே பக்கத்துக் கிராமங்களில்தான் இருக்கிறது. மறு ஆண்டே ஆந்திர அரசு வனச் சட்டத்தைத் திருத்தித் தண்டனையை இன்னும் கடுமையாக்கியது. அதற்குமுன் தனிப் படை அமைத்திருந்தது. துப்பாக்கிச் சூட்டைவிடக் கடுமையான தண்டனை எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. அதன் பிறகும் செம்மரக் கட்டைகள் லாரியிலும் கன்டெய்னரிலும் பிடிபட்டுக்கொண்டே இருக்கின்றன. காரணம் புரியாத புதிர் ஒன்றும் இல்லை. பீஜிங்கிலும் ஷாங்காயிலும் அரச காலத்துப் பாணி நாற்காலிக்கும் மேசைக்கும் அந்த மரத்தைத் தேடும் பணக்காரருக்கு, தன் வரவேற்பறையில் உள்ள மரம் சேஷாசலத்தில் யார் ரத்தத்தில் நனைந்தது என்று யாரும் கேட்கப்போவதில்லை என்பது தெரியும்.

வாங்குபவரை விட்டுவிட்டுத் தொழிலாளியைப் பிடிப்பதன் பொருள் இந்தத் தங்கவயலுக்கு எளிதில் புரியும். குழியிலிருந்து ஏறி வரும் தொழிலாளியைச் சோதனை போட்ட வரலாறு உங்களுடையது. 1930-ல் எல்லாத் தொழிலாளரின் கைரேகையையும் பதிவு செய்யக் கம்பெனி முனைந்தபோது வயல் முழுக்க வேலைநிறுத்தம் நடந்தது. உருக்கிய தங்கம் தான் எந்தக் குழியில் பிறந்தேன் என்று சொல்லாது. அதை வாங்குபவரைப் பிடிப்பது சிரமம், வாசலில் நிற்பவரைத் தடவிப் பார்ப்பது சுலபம். அதிகாரம் சுலபமான பக்கமே போகும். செம்மரக் காட்டிலும் அதுதான் நடந்தது.

உருக்கிய தங்கம் போலவே பிறந்த இடத்தை மறந்துவிடும் இன்னொரு சரக்கு நம் கடலில் இருக்கிறது. கடல் அட்டை. மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் மணலில் புரளும் வெள்ளை அட்டையை எடுத்து, குடலை நீக்கி, வேகவைத்து, மணலில் புதைத்து மேல்தோலைத் தேய்த்துப் போக்கி, வெயிலில் காய வைத்தால் கருங்கல் துண்டு போல ஆகிவிடும். ஹாங்காங்கிலும் சிங்கப்பூரிலும் அதை ஊறவைத்து விருந்து சமைக்கிறார்கள். 2001 ஜூலையில் இந்திய அரசு கடல் அட்டை இனங்கள் அனைத்தையும் முதல் பட்டியலில் சேர்த்தது. அதாவது ராமநாதபுரத்து மீனவர் வலையில் அட்டை ஏறினால் சட்டத்தின் கண்ணில் அதுவும் புலியும் ஒன்று. அதே கடலின் மறுகரையில், யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும், உரிமம் வாங்கிக்கொண்டு அட்டை பிடிக்கலாம், பண்ணையில் வளர்க்கலாம், ஏற்றுமதியும் செய்யலாம். இரண்டு கரைக்கும் நடுவே தூரம் அதிகம் இல்லை. ராமேஸ்வரம் பக்கத்திலிருந்து இரவில் படகில் போகும் அட்டை மறுகரையில் உரிமம் உள்ள அட்டையோடு கலந்துவிட்டால், அதன் பிறகு அது முழுக்கச் சட்டபூர்வமான சரக்கு. வெள்ளை அட்டை சைட்டீஸ் பட்டியலிலும் இல்லை என்பதால் ஹாங்காங் சுங்க அதிகாரி கேள்வி கேட்கவும் வழியில்லை. எங்கள் கரையில் மட்டும் எதற்கு இந்தத் தடை என்று ராமநாதபுரத்து மீனவர்கள் இருபதாண்டுக்கு மேலாகக் கேட்டுவருகிறார்கள். அவர்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். அட்டை அருகிவிட்டது என்பது உண்மையானால் இரு கரையும் சேர்ந்து மூட வேண்டும். அளவோடு எடுக்கலாம் என்பது உண்மையானால் இரு கரையும் ஒரே அளவை வைத்துத் திறக்க வேண்டும். ஒரே கடலில், ஒரே மொழி பேசும் மீனவருக்கு, ஒரு கரையில் சிறை, மறுகரையில் உரிமம் என்ற ஏற்பாட்டால் அட்டைக்கு ஒரு பயனும் இல்லை. இடையில் படகு விடுகிறவருக்குத்தான் லாபம்.

அப்படியானால் வாங்குகிற கையை எட்டும் சட்டம் எங்காவது இருக்கிறதா? இருக்கிறது, அதுவும் பழைய சட்டம். அமெரிக்காவில் 1900-ல் ஜான் லேசி என்ற, அயோவாவைச் சேர்ந்த நாடாளுமன்ற உறுப்பினர் கொண்டுவந்து நிறைவேறிய லேசி சட்டம். ஒரு மாநிலத்தில் சட்டவிரோதமாகச் சுட்ட பறவையை இன்னொரு மாநிலத்தில் விற்பதைத் தடுக்கத்தான் அது முதலில் பிறந்தது. 1935-ல் அதை வெளிநாடுகளுக்கும் விரித்தார்கள். பிறந்த நாட்டின் சட்டத்தை மீறிப் பிடித்த விலங்கை அமெரிக்காவுக்குள் கொண்டுவருவது குற்றமாயிற்று. 2008-ல் மரமும் செடியும் சேர்ந்தன. இதில் சைட்டீஸ் பட்டியலில் உள்ளதா இல்லையா என்ற கேள்விக்கே இடமில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எடுத்த இடத்தில் அது திருட்டா என்பது மட்டுமே கேள்வி. ரஷ்யாவின் தூரக்கிழக்கில், சைபீரியப் புலி வாழும் காடுகளில் திருட்டுத்தனமாக வெட்டிய ஓக் மரத்தைத் தரைப்பலகையாக விற்ற லம்பர் லிக்விடேட்டர்ஸ் என்ற பெரிய நிறுவனம் 2016-ல் 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு மேல் கட்ட நேர்ந்தது. காட்டில் மரம் வெட்டிய ஆளைத் தேடி ரஷ்யாவுக்கு யாரும் போகவில்லை. கடைக்காரரின் கணக்குப் புத்தகத்தைப் பார்த்தார்கள்.

ஐரோப்பா மரத்துக்கு இதே வழியைப் பின்பற்றியது. 2013 முதல் அமலான அதன் மரக்கட்டை ஒழுங்குமுறை, வெட்டிய நாட்டின் சட்டத்தையே அளவுகோலாக வைத்தது. விலங்குக்கு மட்டும் அதைச் செய்யவில்லை. இதன் விலையைக் கொடுத்தவை இலங்கையின் ஓணான்கள். மூக்கு நுனியில் கொம்பு வைத்த இலங்கை ஓணான் வகை அந்தத் தீவைத் தவிர வேறெங்கும் இல்லை. 1937-ஆம் ஆண்டிலிருந்தே அங்கே காட்டுயிருக்கென்று சட்டம் உண்டு; வணிகத்துக்காக அவற்றை ஏற்றுமதி செய்ய இலங்கை அனுமதித்ததில்லை. அப்படியிருந்தும் ஐரோப்பிய ஊர்வனச் சந்தைகளில் அவை விற்பனைக்கு வந்தன. முதல் ஜோடி திருட்டுப்பொருள் என்பதில் சந்தேகமே இருக்க முடியாது. ஆனால் ஐரோப்பாவில் அவற்றை விற்பது குற்றமாக இருக்கவில்லை. 2019 ஜெனீவா மாநாட்டில் இலங்கை போராடி அவற்றைப் பட்டியலில் சேர்த்த பிறகே நிலைமை மாறியது. ஒவ்வொரு ஓணானுக்கும் ஒரு மாநாடு நடக்கும்வரை காத்திருக்க வேண்டுமானால் பட்டியல் முடிவதற்குள் ஓணான் முடிந்துவிடும்.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களை ஒதுக்கிவிட்டுப் போக நான் விரும்பவில்லை. முதலாவது இறையாண்மை பற்றியது. இந்தியாவின் சட்டத்தை ஜெர்மானியப் போலீஸ் ஏன் காக்க வேண்டும், நாளைக்கு இன்னொரு நாட்டின் கொடுங்கோல் சட்டத்தையும் நாம் காக்க வேண்டிவருமே என்பார்கள். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் வேறு பொருள்களில் நாம் இதை எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டோம். அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடப்பட்ட நடராஜரைக் கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் 2008-ல் சுமார் 50 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியது. வாங்கியது அங்கே ஒரு அரசு நிறுவனம், ரசீதோடு, பகிரங்கமாக. இருந்தும் 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமரே டெல்லிக்கு வந்து அதைத் திருப்பிக் கொடுத்தார். பிறந்த நாட்டின் சட்டத்தை மீறி வெளியேறிய கலைப்பொருளைத் தம் நாடு வைத்துக்கொள்ளக் கூடாது என்று ஆஸ்திரேலியர்கள் 1986-லேயே சட்டம் எழுதி வைத்திருந்தார்கள். செப்புத் திருமேனிக்குப் பொருந்துகிற நியாயம் சேஷாசலத்து மரத்துக்கு ஏன் பொருந்தாது? சிலையையாவது திரும்ப அதே பீடத்தில் வைக்கலாம். பிடிபட்ட நட்சத்திர ஆமையை எங்கே விடுவது என்பதே சிக்கல். தென்னிந்திய ஆமையும் வடமேற்கு ஆமையும் மரபணுவில் வேறுபட்டவை. எங்கே பிடித்தது என்று தெரியாமல் கண்ட காட்டில் விட்டால் அங்குள்ள இனத்தைக் கலந்து, நோயையும் பரப்பிவிடுவோம். அதனால் பிடிபட்ட பல ஆமைகள் மீட்பு மையத்தின் வேலிக்குள்ளேயே காலம் கழிக்கின்றன.

இறையாண்மை வாதத்தில் ஒரு பகுதியை நான் ஏற்கிறேன். அமெரிக்காவின் கிப்ஸன் கிட்டார் கம்பெனியில் 2011-ல் அதிகாரிகள் நுழைந்து இந்தியக் கருங்காலி, தோதகத்தி மரத் துண்டுகளைப் பறிமுதல் செய்தார்கள். கம்பெனி மேல் மடகாஸ்கர் மரம் பற்றியும் வழக்கு இருந்தது; அதில் 2012-ல் மூன்று லட்சம் டாலர் கட்டி ஒதுங்கியது. இந்திய மரத்தை அரசு திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. எந்தத் தடிமனுள்ள துண்டு எந்தச் சுங்கத் தலைப்பில் வரும், எதை ஏற்றுமதி செய்யலாம் என்பது இந்திய விதியிலேயே தெளிவாக இருக்கவில்லை. நம் சட்டத்தை இன்னொரு நாடு காக்க வேண்டுமென்றால், அதை வேற்றுநாட்டு வழக்கறிஞர் படித்துப் புரிந்துகொள்ளும்படி எழுதும் கடமை நமக்கு இருக்கிறது. இந்த வழக்கை லேசி சட்டத்தின் தோல்வி என்று பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அது நம் சட்ட வரைவின் தோல்வியாகவே படுகிறது.

இரண்டாவது வாதம் பொருளாதாரக்காரர்களுடையது. தடை போட்டால் விலை ஏறும், விலை ஏறினால் கடத்தல் கூடும், ஆகவே பண்ணையில் வளர்த்துச் சந்தையைத் திறந்துவிடுங்கள் என்பார்கள். வாங்குமிடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எடுக்குமிடத்தை மட்டும் மூடினால் இது உண்மைதான். இரண்டையும் மூடினால் என்ன ஆகும் என்பதற்கு யானைத் தந்தம் சாட்சி. சீனாவில் 2014-ல் கிலோ 2,100 டாலர் இருந்த பச்சைத் தந்தம் 2017 தொடக்கத்தில் 730 டாலருக்கு இறங்கியிருந்தது. உள்நாட்டு வணிகத்தை 2017 முடிவதற்குள் நிறுத்தப்போவதாக அரசு அறிவித்திருந்தது இதற்கு ஒரு காரணம். அந்நாட்டின் பொருளாதார வேகம் குறைந்ததும் இன்னொரு காரணம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. இதற்கு நேர்மாறான சோதனை 2008-ல் நடந்தது. நான்கு ஆப்பிரிக்க நாடுகளின் இருப்பிலிருந்து 100 டன்னுக்கு மேல் தந்தத்தைச் சீனாவுக்கும் ஜப்பானுக்கும் சட்டபூர்வமாக விற்க சைட்டீஸ் அனுமதித்தது. அந்த விற்பனை கடத்தலைக் கூட்டியதா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள். குறைக்கவில்லை என்பதில் யாருக்கும் பெரிய சந்தேகம் இல்லை. பண்ணை என்பதும் பல இடங்களில் முகமூடிதான். இந்தோனேசியாவிலிருந்து பண்ணையில் பிறந்ததாகச் சான்றிதழோடு போன பச்சை மலைப்பாம்புகளில் குறைந்தது 80 சதவீதம் காட்டில் பிடித்தவை என்று 2011-ல் ஓர் ஆய்வு காட்டியது. ஆமை மெதுவாக வளரும், ஓர் ஈட்டில் சில முட்டைதான் இடும். அதைப் பல வருடம் தீனி போட்டு வளர்ப்பதைவிட முட்புதரில் பொறுக்கிக்கொண்டு வருவது மலிவு. மலிவு இருக்கும்வரை பண்ணை வேலியில் ஒரு ஓட்டை இருந்துகொண்டே இருக்கும்.

ஓரிடத்தை அடைத்தால் வியாபாரம் இன்னோரிடத்துக்கு நகரும் என்பது மூன்றாவது வாதம். நகரும். சந்தையிலிருந்து கைப்பேசிக்கு நகர்ந்துவிட்டது கூட. ஆனால் ஒவ்வொரு நகர்விலும் வாங்குபவர் கொஞ்சம் ஒளிய வேண்டிவருகிறது. ஒளிந்து வாங்க வேண்டிய பொருளை ஊருக்குக் காட்டிப் பெருமைப்பட முடியாது. செல்லப்பிராணி வணிகத்தில் பாதிக்கு மேல் பெருமைதானே.

எதிர்வாதங்கள் இருக்கட்டும், இனி நம் சட்டத்தின் நிலையைப் பார்ப்போம். 2015 ஜூலையில் ஐ.நா. பொதுச்சபை காட்டுயிர்க் கடத்தலைத் திட்டமிட்ட பெருங்குற்றமாகக் கருதும்படி நாடுகளைக் கேட்டுக்கொண்டது. அதிகபட்சத் தண்டனை நான்காண்டு அல்லது அதற்கு மேல் உள்ள குற்றம் என்பது அதன் சட்டப் பொருள். நம் சட்டம் முதல் பட்டியல் உயிர்களுக்கு ஏழாண்டு வரை வைத்திருக்கிறது. அந்த அளவில் நமக்குக் குறையில்லை. 57-ஆம் பிரிவில் இன்னொரு நல்ல ஏற்பாடும் உண்டு. பாதுகாக்கப்பட்ட உயிரோ அதன் பாகமோ ஒருவர் கையில் இருந்தால், அது முறையாக வந்தது என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும். நிரூபிக்கும் பொறுப்பு யார் தலையில் என்பதுதான் இந்தச் சட்டங்களின் உயிர்நாடி என்று நினைக்கிறேன். 1992-ன் தாய்லாந்துச் சட்டம் தடுக்கி விழுந்த இடம் இதுதான்.

ஆனால் இந்தியா தானும் ஒரு பாங்காக்காக இருந்ததை நாம் அதிகம் பேசுவதில்லை. 1972 சட்டம் நம் நாட்டு உயிர்களையே காத்தது. ஆப்பிரிக்கப் பாம்பு, தென்னமெரிக்கக் குரங்கு, ஆஸ்திரேலியக் கிளி எதுவும் அதன் கண்ணில் இல்லை. பாங்காக்கிலிருந்து சென்னைக்கும் பெங்களூருக்கும் அவை பயணப் பெட்டியில் வந்து இறங்கின, இறங்குகின்றன. 2022 ஏப்ரலில் மேற்கு வங்கத்தின் ஜல்பைகுரி பகுதியில் சாலையோரக் காட்டில் கங்காருகள் திரிந்தன. 2020 ஜூனில் மத்திய அரசு ஒரு மன்னிப்புத் திட்டம் அறிவித்தது. வெளிநாட்டு உயிர் வைத்திருப்பவர் ஆறு மாதத்துக்குள் தெரிவித்தால் போதும், எங்கிருந்து வந்தது என்று ஆவணம் கேட்கமாட்டோம் என்றது. வாங்குகிற கையை இதைவிட அன்பாக யாரும் குலுக்கியிருக்க முடியாது. இதற்குப் பக்கத்தில் நம் கிளி ஜோசியக்காரரை நிறுத்திப் பாருங்கள். அவர் கூண்டில் உள்ள பச்சைக்கிளி இந்நாட்டுக் கிளி, ஆகவே வழக்கு, ஆகவே கைது. பக்கத்துத் தெருவில் லட்ச ரூபாய்க்கு மக்காவ் கிளி வாங்கியவருக்குப் பதிவுச் சான்று.

2022 திருத்தம் இதில் பாதியைச் சரிசெய்தது. சைட்டீஸ் இணைப்புகளில் உள்ள வெளிநாட்டு உயிர்கள் சட்டத்துக்குள் வந்தன. 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி அவற்றை வைத்திருப்பவர் பதிவு செய்ய வேண்டும், பிறப்பையும் இறப்பையும் கைமாற்றத்தையும் தெரிவிக்க வேண்டும். மீதிப் பாதி அப்படியே இருக்கிறது. இணைப்புகளில் இல்லாத, ஆனால் பிறந்த நாட்டில் பிடிக்கவே தடையுள்ள ஓர் உயிர் பெங்களூர்க் கடையில் விற்பனைக்கு இருந்தால் நம் காட்டுயிர்ச் சட்டத்தில் அதற்குப் பெயரும் இல்லை, தண்டனையும் இல்லை. வெளிநாட்டுச் சட்டத்தை மீறி எடுத்த உயிரையோ மரத்தையோ இந்தியாவில் வைத்திருப்பதும் விற்பதும் குற்றம், மூலத்தை நிரூபிக்கும் பொறுப்பு வைத்திருப்பவருடையது என்று ஒரு பிரிவு எழுதினால் போதும். நாடாளுமன்றத்தில் ஒரு பிற்பகல் வேலை. அந்தப் பிரிவு நம் புத்தகத்தில் இல்லாமல் பீஜிங்கிடம் போய் எங்கள் செம்மரத்தை உங்கள் கடைகளில் தேடுங்கள் என்று கேட்டால், உங்கள் கடையில் எங்கள் உயிரை நீங்கள் தேடுகிறீர்களா என்ற கேள்விதான் பதிலாக வரும்.